தகதிமி தெரிந்த தங்கைக்கு



டிரம்ஸ் தொடக்கநிலைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முதல் பாட்டின் சாதாரணத் தாளத்திலேயே திணறும் பிள்ளைகள் மலாக்காவின் ஜாசினிலும் உண்டு, அலோர் காஜாவிலும் உண்டு. வலக்கை ஹை-ஹாட்டில் சீராக ஓடும். இடக்கை ஸ்நேரில் இறங்கியதும் காலும் கூடவே துள்ளிவிடும். காலைக் கட்டுப்படுத்தினால் கை நின்றுபோகும். இதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதே. டிரம் செட் உருவான விதமே அப்படி.

பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று ஆள் இருந்தார்கள். வேகமாக மிதிக்கத்தக்க ஒரு கால் பெடலுக்கு அமெரிக்காவின் வில்லியம் லட்விக் 1909-இல் காப்புரிமை பெற்றார். பெரிய டிரம் காலடிக்கு வந்தது. 1920களில் ஹை-ஹாட்டும் குச்சிக்கு எட்டும் உயரத்துக்கு ஏறியது. மூன்று பேர் பார்த்த வேலை இப்படி ஒருவர் தலையில் விழுந்தது.

மலாக்காவில் வளர்ந்த காது இந்த இடத்தில் கொடுத்துவைத்தது. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டதிலிருந்து இங்கே தோட்டங்கள் பெருகின. பிழைக்க வந்த சனங்களோடு தப்பும் உருமியும் பம்பையும் வந்தன. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகத்தில் காவடியோடு போகும் மேளத்தை அடுத்த முறை கூர்ந்து கேள். உருமிக்காரர் ஒரு பக்கத் தோலை வளைகுச்சியால் தேய்த்து உறும வைப்பார், மறுபக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார். அவர் பங்கு வேறு, தப்புக்காரர் பங்கு வேறு. அடுத்தவர் என்ன அடித்தாலும் தன் பங்கை விடமாட்டார்கள். உன் இரண்டு கைகளும் ஒரு காலும் அந்தக் குழுவின் ஆட்கள் மாதிரி ஆகவேண்டும்.

தேர்வுப் பாட்டுகளில் மறுபடி மறுபடி வரும் அடிப்படைத் தாளம் இதுதான்: நான்கு எண்ணிக்கை, அதற்குள் ஹை-ஹாட்டில் எட்டு அடி, ஒன்றிலும் மூன்றிலும் கால், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர். நோட்டில் பார்த்தால் மிரட்டும். வாயால் சொல்லிப் பார்: தகதிமி தகஜனு. எழுத்துக்கு ஒன்றாக எட்டு அடியும் ஹை-ஹாட்டுக்கு. இரண்டு ‘த’விலும் கால் சேரும். ‘தி’யிலும் ‘ஜ’விலும் ஸ்நேர் சேரும். அவ்வளவே.

முதலில் வாயும் காலும் மட்டும். பிறகு காலை விட்டுவிட்டு வாயும் இடக்கையும். அடுத்து காலும் இடக்கையும் மாறி மாறி. இவை தடுமாறாமல் நின்ற பிறகே வலக்கையைச் சேர். மெட்ரோனோமை 60-இல் வை. தாளம் மெதுவாகப் போகும்போதுதான் இரண்டு அடிகளுக்கு நடுவே கை அவசரப்படுவது தெரியும். தாமான் வீட்டில் சத்தம் போட முடியாதா? ரப்பர் பேடும் தரையில் தட்டும் காலும் போதும்.

ஓர் எச்சரிக்கை. கும்மியும் தெம்மாங்கும் கேட்டு வளர்ந்த கை திஸ்ர நடையில் தானாக ஆடும். எட்டு அடியில் ஒன்று நீண்டு அடுத்தது குறுகும். ஊர்வலத்தில் அது அழகு. ராக் தாளத்திலோ எட்டும் ஒரே அளவு இடைவெளியில் விழவேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டால் வித்தியாசம் பிடிபடும்.

இந்தத் தாளத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று யாராவது சொன்னால், மைக்கேல் ஜாக்சனின் 1982 ‘திரில்லர்’ ஆல்பத்திலுள்ள ‘பில்லி ஜீன்’ பாட்டைப் போட்டுக் காட்டு. அதை வாசித்த லியோன் ‘ண்டூகு’ சான்ஸ்லர் ஜாஸில் கைதேர்ந்தவர். ஏறத்தாழ ஐந்து நிமிடம் இதே கால், இதே ஸ்நேர், இதே எட்டு அடி. கைவித்தை எதையும் நுழைக்காமல் பாட்டைத் தாங்கினார். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸோ ஸ்நேர் விழும் இடத்தில் ஹை-ஹாட்டை அடிக்காமல் விடுவதையே பழக்கமாக்கிக்கொண்டவர். ரசிக்கலாம்; தேர்வில் செய்யாதே. நோட்டில் எட்டு இருந்தால் எட்டும் கேட்கவேண்டும்.

ராக்ஸ்கூல் தேர்வில் முதல் கிரேடுக்கு முந்திய படிக்கு டெபியூ என்று பெயர், டிரினிட்டி தேர்வில் இனிஷியல். இரண்டிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. டிரம் நீக்கிய இசைப்பதிவோடு சேர்ந்து வாசிக்கவேண்டும் என்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய பயம். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. ஓர் அடி தவறினால் திரும்பிப் போய்த் திருத்தாதே; அடுத்த ‘த’வில் காலோடு ஏறிக்கொள். நான்காவது, எட்டாவது பாரில் ஃபில் என்னும் நிரப்படி வந்தால், அதன் வேகத்தைவிட அது முடிந்ததும் வரும் ‘த’ சரியாக விழுவதே முக்கியம். ஃபில்லையும் அடுத்த பாரையும் சேர்த்தே பழகு.

தேர்வறை டிரம் செட் உன்னுடையதாக இருக்காது. ஸ்டூல் உயரமாக இருக்கலாம், பெடல் தள்ளி இருக்கலாம். பழகிய ஸ்டிக்கையும் மாற்று ஜோடி ஒன்றையும் எடுத்துப் போ. உட்கார்ந்ததும் ஸ்டூலையும் ஹை-ஹாட்டையும் உனக்கு ஏற்றபடி சரிசெய்ய நேரம் கேள். கேட்டால் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள்.