ஒரே நோய், இரண்டு தீர்ப்பு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. உடைந்தது ஒரே குடந்தான். உடைத்த கை யாருடையது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது. இது அடுப்பங்கரையோடு நின்றுவிடுவதன்று. படை முகாமிலும் உண்டு. அங்கே விலை மனித உயிர். முதல் உலகப் போரில் (1914-18) பிரிட்டிஷ் படையினரைப் பிடித்த ஒரு நோயின் வரலாற்றை இங்கே எழுத முற்படுகிறேன்.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்கு குழிகளில் மாதக்கணக்கில் கிடந்த வீரர்கள்மேல் பீரங்கிக் குண்டுகள் ஓயாது விழுந்தன. உடம்பில் ஒரு கீறலும் இன்றிச் சிலருக்குப் பேச்சு நின்றது. சிலருக்குப் பார்வை போயிற்று. சிலருக்குக் கைகால் நடுக்கம் நிற்கவேயில்லை. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'லான்செட்' இதழில் இதைப்பற்றி எழுத, 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ உலகில் புகுந்தது. குண்டின் அதிர்ச்சி என்று பொருள் கொள்ளலாம். வெடியின் அதிர்வு மூளையைக் கலக்குகிறது என்றே முதலில் கருதினர். ஆனால் குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் நோய் வந்தது. ஆகவே மூலம் மனத்தில் உள்ளது என்று விளங்கலாயிற்று. மனம் என்றதும் படைத்தலைமைக்கு ஐயம் பிறந்தது: இவன் நோயாளியா, கோழையா? 1917இல் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று ஆணை பிறந்தது. சொல்லைத் தடுத்தால் நோய் நின்றுவிடும் என்று எண்ணினார்களோ என்னவோ!

வேடிக்கை என்னவெனில், இந்நோய்க்குப் பதவியைப் பார்த்தே பெயர் சூட்டினர். அதிகாரிக்கு வந்தால் பெரும்பாலும் 'நரம்புத் தளர்ச்சி'. பொறுப்பின் சுமையால் களைத்தவர் என்ற மரியாதை அதில் உண்டு. சிப்பாய்க்கு வந்தால் 'ஹிஸ்டீரியா'. அக்காலத்தில் பெண்களின் நோய் என்று இகழப்பட்ட பெயர். இதற்கு விளக்கம் தந்தவர்களுள் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் முக்கியமானவர். நமக்கும் அவர் அந்நியரல்லர். 1901-02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906இல் நூல் வெளியிட்டவர் அவரே. பெரிய பள்ளிகளில் படித்த அதிகாரி அச்சத்தை அடக்கக் கற்றவர், ஆகையால் அவருக்குக் கவலை நோய் வருகிறது. படிப்புக் குறைந்த சிப்பாயின் மனம் எளியது, ஆகையால் ஊமையாகிப் போரிலிருந்து தப்புகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். ரிவர்ஸ் இரக்கமுள்ள மருத்துவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையாரின் மனம் என் மனத்தைவிட எளியது என்று யார் சொன்னாலும், எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்று கேட்கவே தோன்றுகிறது.

பெயரைப் போலவே வைத்தியமும் இருவகைப்பட்டது. எடின்பரோவில் கிரெய்க்லாக்கார்ட் என்னும் பெரிய மாளிகை, 1916இல் அதிகாரிகளுக்கான மருத்துவமனையாயிற்று. அங்கே கோல்ப் உண்டு, டென்னிஸ் உண்டு. நம் ஆண்டுமலரைப் போல நோயாளிகளே நடத்திய இதழும் உண்டு. கவிஞர் வில்பிரட் ஓவன் சிலகாலம் அதன் ஆசிரியராக இருந்தார். ரிவர்ஸ் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியே குணப்படுத்த முயன்றார். இலண்டனில் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையிலோ லூயிஸ் யேலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த 24 வயதுச் சிப்பாய் ஒருவரை இருட்டறையில் வைத்துக் கதவைப் பூட்டி, பேசாமல் வெளியே போக முடியாது என்று சொல்லித் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். நான்கு மணி நேரம் நடந்தது. இதை வெற்றி என்று அவரே 1918இல் நூலில் எழுதினார்.

இனி இரண்டு மனிதர்களைப் பார்ப்போம். ஹாரி ஃபார் ஒரு சாதாரணச் சிப்பாய். 1915இல் இந்நோயால் ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். கைநடுக்கத்தால் மனைவிக்குக் கடிதம் எழுத முடியாமல் செவிலியர் எழுதித் தரவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டார். 1916 செப்டம்பரில் இனி என்னால் தாங்க முடியாது என்று முன்னே செல்ல மறுத்தார். இராணுவ நீதிமன்ற விசாரணை அரைமணி நேரங்கூட நீடிக்கவில்லை. அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. முன்பு சிகிச்சை செய்த மருத்துவர் காயமுற்றிருந்ததால் சாட்சி சொல்ல வரவில்லை. கோழைத்தனம் என்று தீர்ப்பாயிற்று. தலைமைத் தளபதி ஹெய்க் அதை உறுதி செய்தார். அக்டோபரில் சுட்டுக் கொன்றனர். மனைவிக்கு ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது.

அடுத்தவர் சீக்ஃப்ரிட் சசூன். அதிகாரி, கவிஞர், வீரப்பதக்கம் பெற்றவர். 1917இல் இப்போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்றும், இனிப் போரிடமாட்டேன் என்றும் அறிக்கை எழுதினார். ஜூலை 30இல் அது நாடாளுமன்றத்திலேயே படிக்கப்பட்டது. இதையே ஒரு சிப்பாய் செய்திருந்தால்? ஆனால் சசூனை இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தவில்லை. நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் மன்றாட, மருத்துவக் குழு அவரை நோயாளி என்று அறிவித்துக் கிரெய்க்லாக்கார்ட்டுக்கு அனுப்பியது. தெளிந்த அறிவோடு பேசியவரை நோயாளி என்றார்கள். நோயால் நடுங்கியவரைக் குற்றவாளி என்றார்கள். சசூனிடம் எனக்குக் குறை ஒன்றுமில்லை. தம்மைத் தண்டித்தால் உலகம் அறியும் என்றே அவர் துணிந்தார். அந்த வாய்ப்பைத்தான் அவருக்குத் தரவில்லை.

அதிகாரிகளும் சாகவில்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். செத்தார்கள், விகிதப்படி பார்த்தால் பதுங்கு குழிகளில் இருந்த இளம் அதிகாரிகள் சிப்பாய்களைவிட அதிகமாகவே செத்தார்கள். எரிக் பூல் என்ற இளம் அதிகாரி, குண்டதிர்ச்சிக்கு ஆளானவராயிருந்தும், படையை விட்டு அகன்ற குற்றத்துக்காக 1916 டிசம்பரில் சுடப்பட்டார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்று அனைவரும் உணரவேண்டும் என்ற கருத்தை ஹெய்க் அப்போது தம் நாட்குறிப்பில் எழுதினார். அவர் சொல்லைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்க மருத்துவர் தாமஸ் சால்மன் 1917இல் தந்த விவரப்படி, போர்முனையில் முப்பது வீரருக்கு ஓர் அதிகாரி. இந்நோய்க்கான மருத்துவமனைகளிலோ ஆறு வீரருக்கு ஓர் அதிகாரி. அதாவது நோய் அதிகாரிகளையே அதிகம் பிடித்தது. போர்க்காலத்தில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட 346 பேரில் அதிகாரிகள் எத்தனை பேர்? மூவர். அவருள் ஒருவர் கொலைக் குற்றத்துக்காகச் சுடப்பட்டவர்.

போருக்குப்பின் 1919இல் ஹெய்க்குக்குப் பிரபுப் பட்டமும் ஒரு லட்சம் பவுனும் கிடைத்தன. கோழைத்தனத்துக்கும் ஓடிப்போனதற்கும் மரணதண்டனை என்பதை 1930இல் நீக்கினார்கள். சுடப்பட்டவர்களுள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டின் ஆயுதப் படைச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. தந்தை சுடப்பட்டபோது மூன்று வயதுக் குழந்தையாயிருந்த ஃபாரின் மகள், 93 வயதில் அதைக் கண்டார். ஆனால் இம்மன்னிப்பு எந்தத் தீர்ப்பையும் தண்டனையையும் பாதிக்காது என்று அதே சட்டப் பிரிவு சொல்கிறது. ஆகவே 1916இல் அந்த அரைமணிக்குள் எழுதிய தீர்ப்பு, ஏட்டில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.