மருமகள் நர்சுக்குப் படிக்கிறாள்



நர்சுக்குப் படிக்கும் பெண்ணிடம் "ஏம்மா இந்தப் படிப்பு?" என்று கேட்டால், "சேவை செய்ய" என்று சட்டென்று சொல்வாள். அது போதாது. என்னிடம் என்ன பலம் இருக்கிறது, படித்துவிட்டு எங்கே போய் நிற்கப் போகிறேன் என்று அவள் யோசித்துப் பார்க்க வேண்டும். கல்யாணமான பெண் என்றால் கணவரும் கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ரத்தத்தைக் கண்டு மயங்காமல் இருப்பதுதான் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது போகப் போகப் பழகிவிடும். வேண்டிய பலம் வேறு. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் 140/90 என்று காட்டினால், 'ஏதோ அலைச்சல்' என்று குறைத்து எழுதாத நேர்மை வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவள் சொன்னாலும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பிடிவாதம் வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாத வாயும் வேண்டும். மாமியார், நாத்தனாரோடு அனுசரித்துக் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் இதில் பாதி ஏற்கெனவே இருக்கும்!

இனி, எங்கே போவது? பன்னிரண்டாவது முடித்த பெண்களுக்கு ஏ.என்.எம். படிப்பு 2 வருஷம். கிராமத்தில் தாய் சேய் நலம் பார்க்க விரும்புகிறவளுக்கு அது ஏற்றது. ஆஸ்பத்திரி வார்டு வேலைக்கு ஜி.என்.எம். டிப்ளமா, 3 வருஷம். பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருஷம். அதற்குப் பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். வடலூர் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிலேயே நர்சிங் கல்லூரி இருக்கிறது. ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம் என்று போர்டு மாட்டிய இடத்தில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது வீட்டு விஷயம். இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பரீட்சையில் தவறினால் மறுபடி எழுதலாம். இரண்டாம் வருஷத்தில், ராத்திரி டியூட்டியும் நாள் முழுக்க நிற்கும் வேலையுமாக இருக்கையில் எதிர்பாராமல் கர்ப்பம் தரித்தால், விட்ட படிப்பைத் தொடர்வது பெரும்பாடு.

"கல்யாணமாகி ஒரு வருஷமாச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று முந்திரி உடைக்கிற இடத்தில்கூடக் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணவர். "படிப்பு முடியட்டும் அத்தை, நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் வச்சிருக்கோம்" என்று அவர் சொன்னால் பேச்சு அடங்கும். அவளே சொன்னால் அதுவே குற்றமாகிவிடும். ஊர் வழக்கம் அப்படி.

முதல் குழந்தையைத் தள்ளிப்போட வழிகள் உண்டு. ஆணுக்கு நிரோத். பெண்ணுக்குத் தினமும் சாப்பிடும் மாலா-என் மாத்திரை. அல்லது சாயா மாத்திரை, முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, அப்புறம் வாரத்துக்கு 1. அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒரு தடவை. அதை நிறுத்திய பின் கர்ப்பம் தரிக்கச் சில மாதம் பிடிக்கலாம். காப்பர்-டியும் உண்டு. அரசு சுகாதார நிலையங்களில் இவற்றுக்குக் காசு இல்லை. இவற்றால் மலடு வராது. யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரோ கிராம சுகாதார நர்சோ பரிசோதித்துச் சொல்வார்கள். அட்மிஷன் பாரம் வாங்குகிற அதே வாரத்தில் இருவரும் சேர்ந்து போய்க் கேட்டுவிடுங்கள்.