வரிசை மாறினாலும் கிணறு மாறக் கூடாது

கிணற்று நீரை வாயில் வைத்ததும் உப்புக் கரித்ததுண்டா? ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பிட்டு வைக்கிறார்கள். பிறகு தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் கரைந்துவிடுகிறது. சுத்திகரிக்காத கழிவுநீர் பல்லாண்டுகளாக நிலத்தில் இறங்கியதால், பாலாற்றங்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிட ஏற்றதாக இல்லை என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மற்றொரு தோல் வட்டாரமான திண்டுக்கல்லைப் பற்றியும் அதில் ஒரு கணக்கு உண்டு. அங்கே 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன.

467 கிணறுகள்! இவற்றின் அளவுகளை ஊரார் பார்க்கும்படி கணிப்பொறித் திரையில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படிச் செய்வீர்கள்? 467 வரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வீர்களா? நாளைக்கே அளவு மாறினால் என்ன ஆகும்?

தகவல் வேறு, தோற்றம் வேறு

முதல் பாடம் இதுதான்: தகவலையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே வையுங்கள். தகவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைப்பதைக் கணிப்பொறிப் பாடநூல்கள் 'அணி' என்கின்றன. 1995-இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அணியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். அம்மொழியில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? இதோ நான்கு கிணறுகள். பெயர்களும் அளவுகளும் பயிற்சிக்காக நாமே வைத்துக்கொண்டவை.

கிணறுகள் = [
{ எண்: "கி-11", பெயர்: "மேட்டுத் தெரு", அளவு: 480 },
{ எண்: "கி-12", பெயர்: "கோயில்", அளவு: 640 },
{ எண்: "கி-13", பெயர்: "பள்ளி", அளவு: 2450 },
{ எண்: "கி-14", பெயர்: "தோப்பு", அளவு: 1830 }
]

'அளவு' என்பது ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்பு முதலிய திடப்பொருள்களின் மொத்த எடை, மில்லிகிராமில். இதை டி.டி.எஸ். என்பார்கள். குடிநீரில் இது 500-க்கு மேற்படாமல் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இது இந்தியத் தர நிறுவனம் வகுத்த அளவு. ஆனால் இந்த ஓர் எண் மட்டும் போதாது. குரோமியம் உண்டா, கிருமி உண்டா என்பதையும் ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும்.

இனித் தோற்றத்துக்கு வருவோம். ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் ஒரே வெட்டு அச்சை வைத்து நூற்றுக்கணக்கான தோல் துண்டுகளை வெட்டுகிறார்கள். துண்டுக்கு ஓர் அச்சா செய்கிறார்கள்? இல்லையே! திரையிலும் அப்படித்தான். 'பெயர் இங்கே, அளவு அங்கே, குறிப்பு எழுத ஒரு கட்டம்' என்று ஒரு வரிக்கு மட்டும் அச்சு செய்தால் போதும். இந்த அச்சுக்குக் 'காம்போனென்ட்' என்று பெயர். அணியில் உள்ள ஒவ்வொன்றையும் அச்சில் கொடுத்து வரிகளாக வாங்கித் தரும் கட்டளை 'மேப்'. நான்கு கிணறு கொடுத்தால் நான்கு வரி வரும். 467 கொடுத்தால் 467 வரி வரும். 2013-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 'ரியாக்ட்' என்னும் நிரல் தொகுப்பில் இந்த முறை பெரிதும் பயன்படுகிறது.

இடம் வேறு, ஆள் வேறு

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வரிகளை இப்படி உண்டாக்கும்போது, "ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீ கொடு" என்று ரியாக்ட் எச்சரிக்கும். கீ என்பது அடையாளச் சாவி. புதிதாகப் படிப்பவர் பலர் எச்சரிக்கை மறைந்தால் போதும் என்று, அணியில் அந்தக் கிணறு இருக்கும் இடத்தின் எண்ணையே சாவியாகக் கொடுத்துவிடுவார்கள். முதல் வரிக்கு 0, அடுத்ததற்கு 1. எச்சரிக்கையும் மறைந்துவிடும். ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள்.

மேட்டுத் தெருக் கிணற்று நீரை ஆய்வகமும் சோதித்துவிட்டது. நீங்கள் அந்த முதல் வரியின் கட்டத்தில் "குடிக்கலாம்" என்று எழுதுகிறீர்கள். பிறகு, உப்பு மிகுந்த கிணறு மேலே வரட்டும் என்று வரிசையை மாற்றுகிறீர்கள். பள்ளிக் கிணறு, தோப்பு, கோயில், மேட்டுத் தெரு என்று பெயர்களும் அளவுகளும் சரியாக இடம் மாறிவிடுகின்றன. நீங்கள் எழுதிய "குடிக்கலாம்" மட்டும் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது! இப்போது முதல் வரியில் இருப்பது யார்? 2450 அளவுள்ள பள்ளிக் கிணறு. அதைப் பார்த்து ஒரு மாணவன் குடத்தை இறக்கினால்?

ஏன் இப்படி? உங்கள் வகுப்பை எண்ணிப் பாருங்கள். 'முதல் பெஞ்சில் முதலில் இருப்பவனுக்கு 90 மதிப்பெண்' என்று ஆசிரியர் குறித்துவைத்தால், மறுநாள் இடம் மாறி உட்கார்ந்ததும் மதிப்பெண்ணும் ஆள் மாறிவிடும் அல்லவா? அதனால்தான் வருகைப் பதிவேட்டு எண் இருக்கிறது. கட்டத்தில் நீங்கள் எழுதியது அணியில் இல்லை. திரையிலுள்ள அந்த வரியோடு மட்டும் ஒட்டியிருக்கிறது. 0 என்ற சாவி முன்பும் முதல் வரிக்குத்தான், இப்போதும் முதல் வரிக்குத்தான். 'அதே வரிதான், பெயரும் அளவும் மட்டும் மாறியுள்ளன' என்று ரியாக்ட் நினைத்துக்கொள்கிறது.

மாற்று எளிது. "கி-11" போன்ற கிணற்றின் சொந்த எண்ணையே சாவியாகக் கொடுங்கள். வரிசை எப்படி மாறினாலும் குறிப்பு தன் கிணற்றோடு போய்ச் சேரும். வரிசை மாற்றும் முன் அணிக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலை அடுக்குங்கள். அதே அணியை உள்ளுக்குள் கலைத்து அடுக்கினால், 'அணி மாறவில்லை' என்று எண்ணி ரியாக்ட் திரையைப் புதுப்பிக்காமலே விட்டுவிடக்கூடும்.

அளக்காத கிணறு

ஐந்தாவதாக ஒரு கிணறு சேர்கிறது. அதை இன்னும் அளக்கவில்லை. அளவு இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' என்று இடுகிறோம். 'ஒன்றுமில்லை' என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வைத்திருக்கும் சொல் அது. 500-க்கு மேற்படாவிட்டால் பச்சை நிறம் காட்டு என்று நாம் எழுதியிருக்கிறோம். என்ன நிறம் வரும்? பச்சை! ஒப்பிடும்போது 'நல்' என்பதை அம்மொழி 0 என்று எடுத்துக்கொள்கிறது. யாரும் அளக்காத கிணறு ஊரிலேயே நல்ல கிணறாகிவிடுகிறது. ஆகவே, "அளவு இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் "அளக்கப்படவில்லை" என்று காட்டுங்கள். நிறம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

செய்து பாருங்கள்

480, 640, 2450, 1830 என்ற நான்கு எண்களையும் ஓர் அணியில் இட்டு, ஜாவாஸ்கிரிப்டின் 'சார்ட்' கட்டளையை வேறெதுவும் சேர்க்காமல் கொடுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1830, 2450, 480, 640 என்று வரும்! தனியே விட்டால் அக்கட்டளை எண்களையும் சொற்களைப் போல முதல் எழுத்தைப் பார்த்தே அடுக்கும். எண்ணாக ஒப்பிடும் விதியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் சரியாகும்.

அடுத்து, உங்கள் தெருவில் உள்ள ஐந்து கிணறுகளுக்கோ ஆழ்துளைக் குழாய்களுக்கோ எண் கொடுங்கள். டி.டி.எஸ். அளக்கும் சிறு கருவி பள்ளியில் இருந்தால் ஆசிரியரின் உதவியோடு அளந்து அணியாக எழுதுங்கள். திரையில் வரிசையை மாற்றிய பிறகு, ஒவ்வொரு வரியையும் உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரை அழகாக இருப்பதனால் தகவல் சரியாகிவிடாது. எந்த எண் எந்தக் கிணற்றுக்கு உரியது என்பதைக் கணிப்பொறி தானே அறியாது. அதைச் சொல்லிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.