ஜொகூர் பாரு மிருகக்காட்சி சாலைக்கு ஒரு நாள் சுற்றுலா



மிருகக்காட்சி சாலைக்குப் போய்வந்த பிள்ளையிடம், "என்ன கண்டாய்?" என்று வினவினால், "புலி, முதலை, ஒட்டகம், ஐஸ்கிரீம்" என்று ஒரே மூச்சில் விடை வரும். "புலி என்ன செய்தது?" என்று மேலும் வினவினால், "தூங்கியது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இது பிள்ளையின் குறையன்று. திட்டமின்றி அழைத்துச் சென்றோரின் குறையேயாகும்.

நம் தோட்டத்திலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பத்தக்கது ஜொகூர் பாரு மிருகக்காட்சி சாலை. நம் நாட்டு மிருகக்காட்சி சாலைகளுள் இது பழமையானது. 1928ஆம் ஆண்டில் சுல்தான் இப்ராகிம் அவர்கள் இதனைத் தோற்றுவித்தார். அரண்மனைப் பூங்காவை அடுத்து அமைந்த இவ்விடம், நெடுங்காலம் அரச குடும்பத்தின் சொந்தக் காட்சியகமாகவே விளங்கியது. 1962ஆம் ஆண்டில் மாநில அரசாங்கத்தின் பொறுப்பில் வந்து, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது. 2020இல் மூடப்பட்டுச் சீரமைக்கப்பெற்று, 2023 ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது.

இதில் மாணவர் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுல்தான் இப்ராகிம் அவர்கள் பெயர்பெற்ற புலி வேட்டைக்காரர். வேட்டையாடியவரே விலங்குகளைக் காக்கும் இடத்தையும் அமைத்தார். அக்காலத்தில் இது முரணாகத் தோன்றவில்லை. காட்டிற்கு எல்லையே இல்லையென மக்கள் எண்ணியிருந்தனர். புலியைச் சுடுதல் வீரமாகவும், அதனை உயிருடன் வைத்துக் காட்டுதல் பெருமையாகவும் கருதப்பட்டன.

இன்று நிலை வேறு. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3000 புலிகள் வாழ்ந்தன என்பது மதிப்பீடு. 2022இல் வெளியான கணக்கெடுப்பின்படி 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. காடு ரப்பர்த் தோட்டமாகவும், பின்னர்ச் செம்பனைத் தோட்டமாகவும் மாறியது. எஞ்சிய காட்டைச் சாலைகள் துண்டாடின. கள்ள வேட்டைக்காரர் கம்பிக் கண்ணிகளை வைத்தனர். அக்காட்டை வெட்டித் திருத்தியோருள் நம் பாட்டன், பூட்டன்மாரும் இருந்தனர். அவர்களைப் பழித்து இதனை எழுதவில்லை. நிலமும் அவர்களுடையதன்று, இலாபமும் அவர்களுடையதன்று. எனினும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அவ்விடத்தில் முன்பு வாழ்ந்த உயிர்களை அறியாமல் வளர்தல் தகாது. இச்சுற்றுலாவை விளையாட்டாகக் கருதாமல் பாடமாகக் கருதுவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, பாடம் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே தொடங்குதல் வேண்டும். விடியுமுன் தலைவிளக்குடன் பால்வெட்டச் சென்ற முதியோர் நம் தோட்டத்தில் இன்றும் சிலர் உள்ளனர். அவர்களிடம் செல்க. "பாட்டி, நிரையில் எந்த விலங்கைக் கண்டீர்கள்? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று பணிவுடன் கேட்டு எழுதுக. ஈரமண்ணில் பதிந்த அடிச்சுவட்டைக் கண்டவர் கூறும் செய்தி எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. இயலுமாயின் அவர்களுள் இருவர் மூவரைச் சுற்றுலாவிற்கும் அழைத்துச் செல்லலாம். சிறுவர் பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் துணை வேண்டும். ஆனால் வேலைநாளில் வரும் தாய் தந்தையர் ஒரு நாள் கூலியை இழப்பர். ஓய்வுபெற்ற முதியோர் துணை வந்தால் இத்தொல்லையும் நீங்கும்.

நாளைப் பற்றிப் பெற்றோரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. 2025ஆம் ஆண்டு முதல் ஜொகூரில் சனி, ஞாயிறு வார விடுமுறை நாள்களாதலால் அந்நாள்களில் கூட்டம் மிகுந்திருக்கும். கூட்டத்தில் சிறுவர் காண்பது முன்னால் நிற்போரின் முதுகையே. ஆதலின் பள்ளிச் சுற்றுலாவிற்கு வேலைநாளே ஏற்றது என்பது என் துணிபு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்தல் நன்று. எந்நாளாயினும் வாயில் திறக்கும் வேளையில் அங்கு இருத்தல் வேண்டும். புலி முதலிய விலங்குகள் வெயில் ஏறியதும் நிழலில் படுத்துவிடும். பத்து மணிக்குமேல் செல்வோருக்குத் "தூங்கியது" என்ற விடைதான் கிடைக்கும். கட்டணம், திறக்கும் நேரம், காட்சிக்குள்ள விலங்குகள் ஆகியவற்றை முன்னதாகவே தொலைபேசியில் கேட்டறிக. பணமில்லை என்ற காரணத்தால் ஒரு பிள்ளையும் வீட்டில் தங்கிவிடலாகாது. இதனைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தன் பொறுப்பாக ஏற்றல் வேண்டும்.

உள்ளே சென்றபின் எல்லாவற்றையும் காண முயலாதீர். ஒவ்வொரு குழுவும் மூன்று விலங்குகளை மட்டும் தேர்ந்துகொள்க. அவற்றுள் நம் நாட்டு விலங்குகளுக்கு முதலிடம் தருக. ஒவ்வொன்றின் முன்னும் இருபது நிமிடம் அமைதியாக நிற்றல் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் சலிப்பாகவே இருக்கும். அதன்பின் கண் திறக்கும். புலியின் காதுகளுக்குப் பின்புறம் வெண்புள்ளிகள் உண்டு. வரிகளோ ஒரு புலிக்கு இருப்பது போல் மற்றொன்றிற்கு இரா. சூரியக் கரடி உலகின் எட்டுக் கரடி இனங்களுள் மிகச் சிறியது. அதன் நாக்கு 25 சென்டிமீட்டர் வரை நீளும்; தேனடையின் உள்ளே துழாவி எடுக்க அது உதவும். மலாய்மொழியில் இதனைப் 'பெருவாங் மாடு' என்பர். அம்மொழியில் 'மாடு' என்றால் தேன். நம் பால்மாட்டை நினைத்துச் சிரியாதீர்! தப்பிர் கருப்பும் வெளுப்புமாய்க் காணப்படினும், அதன் குட்டி பழுப்பு நிறத்தில் கோடும் புள்ளியுமாய்ப் பிறக்கும். காட்டு நிழலில் மறைந்து வாழ அது இயற்கை தந்த போர்வை.

விலங்கை நோக்குவது போலவே அதன் இருப்பிடத்தையும் நோக்குக. தரை மண்ணா, சிமெண்டா? ஏறுவதற்கு மரமும், இறங்குவதற்கு நீரும் உண்டா? நம் கண்ணுக்குத் தப்பி ஒளிந்துகொள்ள ஓர் இடம் உண்டா? ஒரு விலங்கு ஒரே தடத்தில் ஓயாது முன்னும் பின்னும் நடந்தால் அதனை வேடிக்கை எனக் கருதாதீர். இடமும் வேலையும் போதாத விலங்குகளிடம் காணப்படும் பழக்கம் அது. எத்தனை முறை நடந்தது என எண்ணி எழுதுக. விலங்கு ஒளிந்துகொண்டு தென்படாவிடில், "காசு வீண்" என்று பெரியோர் முணுமுணுக்க வேண்டா. ஒளிய இடம் தந்தோரை அதற்காகப் பாராட்டலாம். குரங்கிற்குக் கடலை எறிதலும், கண்ணாடியைத் தட்டுதலும் அறவே கூடாது.

நண்பகல் உணவிற்கு வீட்டிலிருந்தே பொட்டலச் சோறும் குடிநீரும் கொண்டு வருக. உண்டபின் இலையும் தாளும் குப்பைத் தொட்டியைச் சேரட்டும். பிற்பகல் மழைக்கு முன்னரே புறப்பட்டுவிடலாம்.

திரும்பிய மறுநாள் வகுப்பில் ஒவ்வொரு குழுவும் தன் குறிப்பை வாசிக்கும். முன்பு விவரம் கூறிய முதியோரையும் அன்று அழைப்போம். பிள்ளைகள் எழுதியதில் பிழையிருப்பின் அவர்களே திருத்தட்டும். அனைவரும் குறிப்பேடும் பென்சிலும் கொண்டு வருக. பேனா வேண்டா, மழைத்துளி பட்டால் மை கலைந்துவிடும்.