சொல்லும் சித்திரமும்

படம் நிறைந்த நூல் சிறுவர்க்கு உரியது. எழுத்து நிறைந்த நூலே அறிவுடையோர்க்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றி நிற்கின்றது. படக்கதை ஒன்றைக் கையில் வைத்திருக்கும் மாணவனைக் கண்டால், “படிக்கும் வேளையில் படம் பார்க்கின்றாயே!” என்று பெரியோர் கடிந்துகொள்வதும் உண்டு. அவர்தம் கவலை முற்றிலும் பொருளற்றது அன்று. பொழுதைப் போக்குவதற்கென்றே தோன்றி மறையும் படக்கதைகள் பல. ஆயினும், அண்மைக் காலத்தில் உலகம் போற்றும் நூல்கள் சிலவற்றை ஊன்றிப் படிப்போமானால், அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் ஆவோம்.

நாவலைப் போலவே நீண்ட கதையைச் சொற்களாலும் சித்திரங்களாலும் இணைந்து சொல்லும் நூலே சித்திர நாவல் ஆகும். அதன் பக்கங்கள் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையே சிறு வெற்றிடம் ஒன்று உண்டு. முதற் கட்டத்தில் ஒருவன் கதவைத் திறக்கின்றான். அடுத்த கட்டத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றான். அவன் உள்ளே நடந்து வந்ததை ஓவியர் வரையவில்லை. அதனை வரைந்தவர் யார்? படிப்பவரின் உள்ளமே! இவ்வுண்மையை ஸ்காட் மெக்ளவுட் என்னும் அமெரிக்க ஓவியர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில் விரித்து விளக்கினார். அவ்வாய்வு நூலையும் அவர் படக்கதை வடிவிலேயே ஆக்கினார் என்பது சுவையான செய்தி.

சித்திர நாவலின் ஆற்றலுக்குச் சிறந்த சான்று ‘மௌஸ்’ என்னும் நூல். இதனை ஆக்கியவர் ஆர்ட் ஸ்பீகல்மன். அவருடைய பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்று குவித்தது. ஆஷ்விட்ஸ் என்னும் கொலைக்களத்திற்குச் சென்றும் உயிர் பிழைத்தவர்கள் அவ்விருவர். முதுமையுற்ற தந்தையின் எதிரே அமர்ந்து, அவர் கூறிய வரலாற்றைக் கேட்டு, மகன் அதனைச் சித்திரமாக்கினார். அது 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1992ஆம் ஆண்டில் புலிட்சர் சிறப்புப் பரிசும் பெற்றது.

அந்நூலில் யூதர்கள் எலிகள்; ஜெர்மானியர் பூனைகள்; போலந்து மக்கள் பன்றிகள். ஓரிடத்தில் யூதத் தம்பதியர் இருவர் பகைவர் கண்ணில் படாமல், போலந்து மக்களைப் போல நடித்துத் தெருவில் செல்கின்றனர். ஓவியர் அவர்கள் முகத்தில் பன்றி முகமூடியை வரைகின்றார். மனைவியின் ஆடைக்குக் கீழோ எலியின் வால் நீண்டு தொங்குகின்றது! அவள் மறைக்க முயன்ற பிறப்பையும், எந்நொடியும் அகப்படலாம் என்னும் அச்சத்தையும் அவ்வொரு வால் காட்டிவிடுகின்றது. அதைக் காணாமல் பக்கத்தைப் புரட்டியவன் அந்நூலைப் படித்தவன் ஆகான்.

ஈரான் நாட்டில் பிறந்த மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ மற்றொரு சிறந்த நூல். பிரெஞ்சு மொழியில் 2000 முதல் 2003 வரை நான்கு தொகுதிகளாக அது வெளிவந்தது. 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஒரு சிறுமியின் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதே அதன் பொருள். தொடக்கத்தில் முக்காடு அணிந்த பள்ளிச் சிறுமியர் வரிசையாக அமர்ந்திருக்கும் காட்சி வருகின்றது. கதை சொல்லும் சிறுமி ஓரத்தில் இருந்தமையால் கட்டத்திற்குள் அவள் முகம் விழவில்லை. தான் இருந்தும் காணப்படாமல் போன நிலையை அவள் முறையிட்டுக் கூறவில்லை. கட்டத்தின் எல்லைக்கோடே கூறிவிடுகின்றது.

அங்ஙனமாயின், எழுத்தால் மட்டும் ஆகிய நாவலுக்கு இனி இடமில்லையோ எனின், அன்று. தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் 2024ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். குவாங்ஜு நகரில் 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் மக்கள் கிளர்ச்சியைப் படையினர் கொடுமையாக அடக்கினர். அத்துயரைப் பொருளாகக் கொண்டு அவர் 2014ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். ‘சிறுவன் வருகின்றான்’ என்பது அதன் கொரியப் பெயரின் பொருள். இறந்தோர் உடல்களைக் காத்து, அவர்களைப் பற்றிய விவரங்களைக் குறித்து வைக்கும் பள்ளிச் சிறுவன் ஒருவனை அதன் முதல் இயலில் காண்கின்றோம். ஆசிரியர் அவனை ‘அவன்’ என்று கூறாமல் ‘நீ’ என்றே விளிக்கின்றார். அச்சொல் படிப்பவரையும் தொட்டு அழைத்து, அச்சிறுவன் நின்ற இடத்தில் நிறுத்திவிடுகின்றது. இதனை எந்தச் சித்திரமும் செய்ய இயலாது. சித்திரத்தில் சிறுவனுக்கு ஒரு முகம் அமைந்துவிடும். ‘நீ’ என்னும் சொல்லிலோ அவரவர் முகமே தோன்றும்.

ஆகவே, நாவல் உருவத்தை நம்மிடம் விட்டுவிடுகின்றது. சித்திர நாவல் இடைவெளியை நம்மிடம் விட்டுவிடுகின்றது. இரண்டும் பாதியைத் தாமே தந்து, மறுபாதியைப் படிப்பவரிடம் கேட்கின்றன. உழைப்பில் ஒன்று எளிது, மற்றொன்று அரிது என்று கூறுதல் பொருந்தாது. 2018ஆம் ஆண்டில் புக்கர் பரிசுக்கான முதற் பட்டியலில் ‘சப்ரினா’ என்னும் சித்திர நாவல் ஏனைய நாவல்களோடு ஒருங்கே இடம்பெற்றது. சித்திர நாவல் அப்பட்டியலில் சேர்ந்தது அதுவே முதன்முறை.

ஒரு நூலை எங்ஙனம் மதிப்பிடுவது என்பது சிறு செய்தி அன்று. அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்தில், மக்மின் வட்டாரப் பள்ளிக் குழுவினர் 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ‘மௌஸ்’ நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கினர். அதிலுள்ள சில வசைச் சொற்களும் ஆடையற்ற உருவம் ஒன்றும் அவ்வயதினர்க்கு ஏற்றவை அல்ல என்பது அவர்கள் கூறிய காரணம். பிள்ளைகளின் நலனை நாடுதல் பெரியோர் கடமையே. ஆனால், சில சொற்களையும் ஒரு படத்தையும் நீக்குவதற்காக ஒரு பேரழிவின் சாட்சியத்தையே நீக்குதல் தகுமா என்று பலர் வினவினர். அச்செய்தி பரவியபின் அந்நூலை விலைக்கு வாங்கினோர் தொகை பெருகிற்று.

அந்நூலிலேயே இவ்வினாவிற்குத் தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. தாய் தம் துன்பங்களையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். அவர் இறந்தபின், துயரம் தாளாத தந்தை அவற்றைத் தீயிலிட்டுவிட்டார். தாயின் சொற்களைத் தேடிய மகனுக்குக் கிடைத்தது வெறுமையே. தந்தையின் நினைவை மகன் நூலாக்கினார். தாயின் நினைவோ மீளவே இல்லை. துன்பத்தை நினைவூட்டுகின்றது என்பதற்காக ஏட்டை அழித்தால், இழப்பு அடுத்த தலைமுறையினருக்கே.

மாணவர்களே, நூல் ஒன்று கையில் கிடைத்தால், அது எழுத்தால் ஆயதா, சித்திரத்தால் ஆயதா என்று முதலில் கேளாதீர்கள். அது நம்மிடம் உழைப்பை வேண்டுகின்றதா, பிறர் துயரை நம் துயராக உணரச் செய்கின்றதா என்று கேளுங்கள். எழுத்தாயின் ஒவ்வொரு சொல்லிலும் நில்லுங்கள். சித்திரமாயின் ஒவ்வொரு கோட்டிலும் நில்லுங்கள். விரைந்து புரட்டுவோன் இரண்டையும் இழப்பான். நின்று நோக்குவோன் இரண்டாலும் வளர்வான்.