வடக்கத்தியான் பறித்த வேலை எது?

“வடக்கத்திப் பசங்க வந்துதானுங்க நம்ம பசங்களுக்கு வேலை இல்லாமப் போச்சு.” அவிநாசி ரோட்டில் எந்த பேக்கரியில் நின்றாலும், டீ ஆறுவதற்குள் இதைக் கேட்டுவிடலாம்.

போனது எந்த வேலை? திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக், பேட்லாக் ஓட்டுவது, செக்கிங், அயர்னிங். கோவை ஃபவுண்டரியில் உலைச் சூட்டில் நிற்பது. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுவது. இதையெல்லாம் செய்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். 2021-22 கணக்கில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், பீகாரில் 17. பிள்ளைகளே குறைவு என்பது அதற்கும் முந்தைய கதை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3. ஒன்றிரண்டு போதும் என்று மாநிலத்தின் பல பகுதிகளுக்கு முன்பே முடிவெடுத்தது கொங்கு நாடு. அந்த ஒற்றைப் பிள்ளையை பி.இ. படிக்கவைத்து, சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, மிஷினில் யாரை உட்காரவைப்பது?

திருப்பூர் என்றைக்குமே வந்தவர்கள் கையால் ஓடிய ஊர். தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்களும் முதலில் வெளியூர்க்காரர்கள்தான். இப்போது வடக்கத்தியர்கள் ஆலப்புழா-தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார்கள். 2020 ஊரடங்கில் இவர்கள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். ஆர்டர்கள் மறுபடி வந்தபோது காலியான மிஷின்களுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. போனவர்களைத்தான் திரும்ப அழைத்தார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊர் போக நின்ற கூட்டத்தையே, பயந்து ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்துப் போகும் அளவுக்கு விஷயம் முற்றியது. பதறியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் முதலாளிகள்.

ஆனால் பேக்கரிப் பேச்சில் ஒரு துளி நிஜமும் உண்டு. காண்ட்ராக்டர் மூலம் வந்து கம்பெனி விடுதியிலேயே தங்குகிறவர் ஓவர்டைமுக்கு மறுப்புச் சொல்வதில்லை, நம் மாரியம்மன் நோம்பிக்கு லீவு கேட்பதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காவிட்டாலும் கேட்க அவருக்கு மொழியும் இல்லை, சங்கமும் இல்லை. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர். கூலி ஏறாததற்குக் கோபப்படலாம், தப்பில்லை. ஆளைப் பிடித்துக் கொடுக்கும் முறையின் மேல் வரவேண்டிய கோபம் ஆள் மேல் வருகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது தோட்டக்காரர்களின் பல்லவி: “நூறு நாள் வேலை வந்துதான் ஆள் கிடைக்கறதில்லை.” 2025-26-ல் அதற்குத் தமிழ்நாட்டில் நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. போகிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. தென்னை ஏறும் ஆளும் தறி ஓட்டும் ஆளும் அங்கே போய் மண் வெட்டுவதில்லை. அந்தத் திட்டம் களையெடுக்கும் கூலியைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். ஏறினால் என்ன கெட்டுப்போயிற்று?

மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோரும் நம்புகிறார்கள்: வேலை போனால் ஊருக்கே தெரிந்துவிடுமாம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரின் பெரிய சந்தைகளில் அமெரிக்காவும் ஒன்று. ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனியில் யாருக்கும் வேலைநீக்கக் கடிதம் தருவதில்லை. பீஸ் ரேட்காரருக்குப் பீஸ் வராது, ஷிப்ட்காரருக்கு ஒன்றரை ஷிப்ட் ஒன்றாகும், பிறகு வாரத்தில் நான்கு நாளாகும். சனிக்கிழமைச் சம்பளம் இளைக்கும். அதுவும் கட்டுப்படியாகாதவர் ஜார்க்கண்டுக்கோ ஒடிசாவுக்கோ ரயிலேறிவிடுவார். அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது அந்த ஊர்த் திண்ணையில், நம் மாவட்டக் கணக்கில் அல்ல.