பல்பை மாத்துறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

போன எபிசோடில் நேரம் இல்லாமல் பாதியில் விட்ட விஷயம் இது: பழைய காரில் ஹெட்லைட் ஏன் மங்குது, அதுக்கு என்ன செய்யலாம். மல்டிமீட்டரைத் தொட்டதே இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம்.

அப்பாவுக்கு வேலை ராஸ் லஃபானில். தோஹாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர், கத்தாரின் எரிவாயு கப்பல் ஏறுகிற ஊர். வீடு அல் கோரில். வண்டி 2003 மாடல் செடான். போன மாசம் நைட் ஷிஃப்டுக்குப் போகும்போது, விளக்குக் கம்பம் இல்லாத ஒரு உட்சாலையில், ஓரமா நின்ன டிரெய்லரைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கார். வீட்டில் சொல்லவே இல்லை. சைடு மிரர் உடைஞ்சிருக்கே என்று நான் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"புது பல்பு போட்டா சரியாயிடும்மா" என்றார். சனாயாவில் வாங்கிப் போட்டோம். ஒரு வித்தியாசமும் இல்லை.

அதுக்கப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடணும், லோ பீம் எரியணும், பல்பு கனெக்டரில் மாட்டியபடியே இருக்கணும். கழட்டிட்டு அளந்தால் முழு வோல்டேஜ் காட்டி ஏமாத்தும். கரண்ட் ஓடினால்தான் வயரில் எவ்வளவு இழக்கிறோம்னு தெரியும். பேட்டரியில் 14.0 வோல்ட். பல்பு கனெக்டரின் பின்பக்கம் 11.9.

2.1 வோல்ட்தானேனு நினைக்காதீங்க. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் போகாது; ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் போகும். வோல்டேஜ் 15 சதவீதம் குறைஞ்சால் வெளிச்சம் 40 சதவீதத்துக்கு மேல் போயிடும். அதோட வயசையும் சேர்த்துக்கணும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு "சுமார்" என்று தெரிஞ்ச ரோடு, 58 வயது அப்பாவுக்கு இருட்டு.

அந்த 2.1 எங்கே போச்சு? எச்4 பல்பின் லோ பீம் 55 வாட். ரெண்டும் சேர்த்து 9 ஆம்பியர் போல இழுக்கும். எங்க வண்டியில் அவ்வளவும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியா, ஒல்லியான இருபது வருஷ வயரில் சுத்தி வருது. அங்கே 1.5 போச்சு. மீதி 0.6 எர்த் பக்கம்: கடல் காத்தில் துருப்பிடிச்ச ஒரே ஒரு போல்ட். அதைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். செலவு பூஜ்யம்.

ஸ்விட்ச் பக்கத்துக்கு ரிலே. பேட்டரியிலிருந்து தடிமனான வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், அங்கிருந்து ரிலே வழியா நேரா பல்புக்கு. பழைய வயருக்கு இனி ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலை மட்டும். ஃபியூஸ் இல்லாமல் செய்யவே செய்யாதீங்க, வண்டி எரிஞ்சிடும். முடிச்சதும் அளந்தேன்: 13.5.

100 வாட் பல்பு போடலாமேனு கேப்பீங்க. ஒல்லி வயரில் இன்னும் அதிக கரண்ட், கனெக்டர் உருகும். எல்இடி? அந்த ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கு வெச்சு வளைச்சது. வெளிச்சம் சில மில்லிமீட்டர் தள்ளிப் பிறந்தாலும் பக்கத்தில் பளிச்சுனு இருக்கும், தூரத்தில் இருட்டு, எதிரே வர்றவருக்குக் கண் கூசும்.

அடுத்தது லென்ஸ். பாலிகார்பனேட் மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சை வளைகுடா வெயில் தின்னுடும். மணல் காத்து மீதியைக் கீறும். 800-இல் ஆரம்பிச்சு 1500, 2000, 3000 என்று ஈரத் தாளால் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கடைசியா யுவி தாங்கும் கிளியர் கோட் அடிக்கணும். அந்தக் கடைசிப் படியை விட்டால் சில மாசத்தில் திரும்ப மஞ்சள். (டூத்பேஸ்ட் வீடியோ அனுப்பின நண்பர்களே, அதுவும் இதே கதைதான்.)

பிறகு காரைச் சுவருக்கு நேரா நிறுத்தி, பீம் மேலே தூக்காமல் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்கினோம். ஸ்க்ரூ ட்ரைவர் அப்பா கையில்.

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவர் சொன்னார்: "அந்த ரோட்டோரம் ஒரு ஒட்டகப் பட்டி இருக்கும்மா. இத்தனை வருஷமா நான் பார்த்ததே இல்லை."